சத்தம் கேட்காத கார்கள்

வாடகைக் கார் ஓடுகிற நானாவின் ஹைபிரிட் கார் முதன்முதல் எங்கள் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வந்து நின்றபோது, என் கணவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்த சாரதிகள் எல்லாரும் எழும்பிப் போய்க் காரைச் சுற்றி நின்றார்கள். இவர் மட்டும் திரும்பவில்லை.

"என்னப்பா, எல்லாரும் எங்க போட்டாங்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

"நானா புதுக் கார் கொண்டு வந்திட்டார்."

"எப்ப வந்தவர்?"

"இப்பதான். உங்களுக்குப் பின்னாலதான் நிக்குது."

கையில் இருந்த தேங்காய்ப் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார். எனக்குப் பயம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் எறிகணைச் செல் துண்டு பட்டுப் போனது. வவுனியா நெளுக்குளத்தில் ரோட்டின் ஒரு பக்கம் எங்கள் கடை, நேரே மற்றப் பக்கம் வீடு. காலையில் மாக் குழைக்கவும் தேங்காய் திருவவும் கடைக்கு வருவார். மத்தியானம் கோழிகளுக்குத் தீன் போட வீட்டுக்குப் போவார், பின்னேரம் திரும்பி வருவார். ஒவ்வொரு முறையும் தனியாகத்தான் ரோட்டைக் கடப்பார். கரையில் நின்று தலையைக் கொஞ்சம் சரித்துக் கேட்பார், பிறகு தடியைத் தட்டிக்கொண்டு நேரே நடப்பார். ஒருநாள் நான் கையைப் பிடித்ததற்கு நடு ரோட்டிலேயே நின்று ஏசினார்.

"என்னை என்ன மூட்டை எண்டு நினைச்சியோ? எல்லாத்துக்கும் உன்னட்டத்தான் வாறன். இந்த ரோட்டையாவது எனக்கு விடு."

அதற்குப் பிறகு நான் பிடிக்கவில்லை. இந்த மனுசனுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ரோடு ஒன்றுதான், அதையும் நான் ஏன் பறிக்கவேணும்.

வன்னியில் எங்கள் வயதுக்காரர் எல்லாரையும் உயிரோடு வைத்திருந்தது காதுதான். மேலே எது சுற்றுகிறது, எது எந்தப் பக்கம் விழப்போகிறது என்று சத்தத்தை வைத்துத்தான் பங்கருக்குள் ஓடினோம். சத்தம் கேட்டால் ஆபத்து. கேட்காவிட்டால் வெளியே வந்து உலை வைக்கலாம். இவருடைய காது அதிலும் ஒரு படி மேல். கடையில் இருந்தபடியே, வருவது யாருடைய வான், அதன் சைலன்சர் எப்போது ஓட்டையானது என்றுகூடச் சொல்லுவார். சாரதிகள் அவரோடு பந்தயம் பிடித்துத் தோற்று, பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தே களைத்துப் போனார்கள்.

பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலத்துக்குப் பிறகு அவர்களுக்கு வேறு கதையே இல்லை. ஹைபிரிட், ஹைபிரிட் என்று, பெற்றோலோடு பற்றறியிலும் ஓடுகிற காரைச் சொல்லி உயிரை எடுத்தார்கள். நாங்கள் நானா என்று கூப்பிடுகிற அந்த முஸ்லிம் அண்ணன் வயதில் மூத்தவர், வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஹயர் ஓடுகிறவர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"தங்கச்சி, இது பெற்றோல் குடிக்கிறேல்லை. மணந்துதான் பாக்குது," என்பார்.

அவருக்கு அடுத்ததாக ஹைபிரிட்டுக்கு மாறியவர், முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்து இங்கே கலியாணம் கட்டிய கரைக்காரர். காரின் கண்ணாடியில் செபமாலை தொங்கும். தகப்பன், தமையன் எல்லாரும் கடற்தொழில். அவருக்குக் காரின் அழகுதான் முக்கியம்.

"முகத்தைப் பாருங்கோ அக்கா, பாரை மீன்குட்டி மாதிரி. பின் லைற் எரியேக்க எப்பிடி இருக்கு?"

"பாரை எண்டால் குழம்பாவது வைக்கலாம்," என்றேன்.

டீசல் வான்காரர் ஒருவர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "காரின்ர அடி நிலத்தோட பதிவு. புதுக்குடியிருப்புப் பக்கம் உள் ரோட்டுக்கு இறக்கினால் வயிறு தேயும். பின்னால பற்றறி படுத்திருக்கு, ரெண்டு மூட்டை நெல்லு வைக்க இடமில்லை. ஓவர்ரேக் பண்ண மிதிச்சால் ஒருக்கா யோசிச்சுப் போட்டுத்தான் இழுக்கும். எனக்கு இந்த யோசிக்கிற வாகனம் வேண்டாம்," என்பார்.

அவர் சொன்னதிலும் பிழையில்லை. கரைக்காரர் ஒருமுறை முல்லைத்தீவில் இருந்து கருவாட்டு மூட்டைகளைப் பின் சீற்றில் அடுக்கிக்கொண்டு வந்து, பற்றறிக்குக் காற்றுப் போகிற துவாரத்தை அடைத்துவிட்டார். நடு வழியில் ஏதோ லைற் எரிந்து, வெயிலுக்குள் மணித்தியாலக் கணக்கில் நின்றாராம். "அது மூச்சு விடுற இடமடா, விசரா," என்று நானா ஏச, கடை முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார்.

வானும் காரும் என்று எவ்வளவு சண்டை பிடித்தாலும் ஒரு விசயத்தில் எல்லாருக்கும் ஒரே வாய். சத்தமே இல்லையாம். பிள்ளை நித்திரையால் எழும்பாதாம், நோயாளிக்குச் சுகமாம். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உங்களுக்குச் சுகம். இந்தாளுக்கு எப்பிடித் தெரியும், நீங்கள் வாறது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

நானாவின் முகம் மாறியது. "வேகமா வந்தால் என்ஜின் பிடிக்கும், கேக்கும் தங்கச்சி. மெதுவா வரேக்கதான் பற்றறியில ஓடும்," என்றார்.

மெதுவாக வருவது எங்கே? எங்கள் கடைக்கு முன்னால்தான். நிறுத்த வருகிற எல்லாரும் அங்கேதான் வேகத்தைக் குறைப்பார்கள். இவர் கடக்கிற இடமும் அதுதான்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஹோர்ன் அடித்தார்கள். பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை, அந்தப் பெண் வந்து சண்டை பிடித்தாள். பிறகு குறைந்தது, பிறகு மறந்தே போனார்கள். இடையில் இன்னும் இரண்டு பேர் ஹைபிரிட் எடுத்தார்கள்.

"ரயர் சத்தம் கேக்குமடி. நீ சும்மா பயப்பிடாதை," என்று இவர் சொன்னார். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். முந்தி ரோட்டுக் கரையில் ஒரு மூச்சு நேரம் நிற்பவர், இப்போது பஸ் பிடிக்க நிற்பவர்போல நின்றார். கால் ஒன்றை எடுத்து வைப்பார், திரும்ப எடுப்பார். பந்தயத்தில் பிழையான பெயர் சொல்லத் தொடங்கினார். சாரதிகள் பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அவரும் சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ஒரு மத்தியானம். காற்றே இல்லை, ரோட்டிலும் ஒரு வாகனம் இல்லை. நான் அடுப்படியில் கேத்தலோடு நின்றேன். இவர் வழமைபோல வீட்டுக்குப் போக வெளிக்கிட்டார். கரையில் வெகுநேரம் நின்றார். ஒரு சத்தமும் இல்லை. தடியைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

வலப் பக்கத்தால் கரைக்காரரின் கார் வந்துகொண்டிருந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல ஏலாது, ஊர்ந்தது. கத்தினால் நடுவில் நின்றுவிடுவாரோ, கத்தாவிட்டால் நேரே போய்ச் சிக்குவாரோ என்று கேத்தலைப் பிடித்தபடியே நின்றேன். கார் பிரேக் அடித்து நின்றது. இவருடைய தடி ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில் எதிலோ தட்டுப்பட்டது.

இவர் அசையாமல் நின்றார். பிறகு கையை நீட்டிக் காரைத் தொட்டார். லைற்றை, மூக்கை, பொனற்றை ஒவ்வொரு இடமாகத் தடவினார். அத்தனை நாளும் வாங்கில் இருந்து வர்ணித்த அழகை அவர் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தார்.

கரைக்காரர் இறங்கி ஓடிவந்தார். "நான் உங்களைக் கண்டனான் அண்ணை. நிப்பியள் எண்டு நினைச்சன். உங்களுக்குத்தான் எல்லாம் கேக்குமே," என்றார்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன? நெளுக்குளம் முழுக்க அப்படித்தான் நம்பியிருந்தது.

அதற்குள் நான் ஓடிப்போயிருந்தேன். இவர் என் பக்கம் கையை நீட்டினார். "நீ கூட்டிக்கொண்டு போ," என்றார்.

அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். ஏசவில்லை, கையை உதறவில்லை. ஒருக்கால் ஏசினால் நல்லாயிருக்கும் என்று நான் ஏங்கினேன். பிறகு கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். நானா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, காரை விற்கட்டோ என்றுகூடக் கேட்டார். "ஒண்டை வித்து என்ன செய்யிறது நானா? நாளைக்கு முழுக்கக் கரண்டில ஓடுறது வருமாம். நல்ல வாகனம், வைச்சிருங்கோ," என்று இவரே சொல்லி அனுப்பினார்.

போன கிழமை ஒரு பின்னேரம், நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் தண்ணீர் குடிக்க அறையை விட்டு வந்தார். எங்கள் அறையில் இருந்து குசினிக்கு வர ஒரு சின்ன நடைவழி இருக்கிறது. இத்தனை வருடமும் தடிகூட இல்லாமல் அவர் நடந்த இடம் அது. அறை வாசலில் வந்து நின்றுவிட்டார். நான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

"இஞ்சாரப்பா," என்றார், வெளியில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "ஒண்டும் வரேல்லைத்தானே?"

"இல்லை, வாங்கோ," என்றேன்.

அவர் கால் எடுத்து வைக்கவில்லை.