நாலாவது கட்டை

கேளம்பாக்கத்து மரவாடியில், மழையில் நனைந்த கட்டைகள் வெயிலில் காயும் வாசனை மூக்கில் ஏறியதும், சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே இப்போது வெறும் தண்ணீராகக் கிடக்கும் எங்கள் குப்பத்துத் தெருவில் போய் நின்றேன்.

எழுபதுகளில், மாசி மகத்தன்று பக்கத்துக் குப்பத்தோடு எங்களுக்குக் கட்டுமரப் போட்டி. அதற்கென்று தனிக் கட்டுமரம் கிடையாது. நாலு வீடுகள் ஆளுக்கொரு கட்டை கொடுக்க, கயிற்றால் பிணைத்து, அந்தந்த வீட்டு ஆளே ஏறித் துடுப்புப் போடுவார். முடிந்ததும் அவிழ்த்து அவரவர் கட்டை அவரவர் வாசலுக்கு வந்துவிடும். ஒரு வருஷம் எங்கள் கட்டையும் துடுப்பும் வந்தன, அதில் ஏறிப்போன என் அப்பா, நைனா, வரவில்லை.

அடுத்த மாசியில் மற்ற மூவரும் வாசலில் நின்றார்கள்.

"கட்டைய குடு அண்ணி. அது இல்லாம மரம் சேராது," என்றார் ஒருவர்.

"ஏறுறதுக்கு ஆளு எங்க கீது?" என்றாள் அம்மா.

போட்டி அதோடு நின்றது. ஈரம் தங்கினால் மரம் கனத்துவிடும் என்று அம்மா மட்டும் தினமும் அந்தக் கட்டையை வெயிலுக்குப் புரட்டிப் போட்டாள்; மணலில் அது புரளும் மந்தமான ஓசையில்தான் நான் கண்விழிப்பேன். கடல் வருஷா வருஷம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஒரு காலை அந்த ஓசை கேட்கவில்லை. வாசல்வரை ஈரம், கட்டையைக் காணோம்.

"உங்க நைனா எடுத்துகினு பூட்டாரு," என்றாள் அம்மா. "துடுப்ப வுட்டுட்டாரு."

கூரையில் செருகியிருந்த துடுப்பை எடுத்துவந்து அலையில் விட்டாள். அலை அதைத் திரும்பத் திரும்ப எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து போட்டது.