ஒரே வீடு, இரண்டு தொகுதி

வாக்காளர் பட்டியல் சரிபார்க்கத் திருமுக்கூடல் பக்கம் போனபோதுதான் அந்தக் கொத்தனாரைச் சந்தித்தேன். நரைத்த மீசை, சிமெண்ட் அரித்த விரல்கள். தொகுதி எல்லை மாறியபோது அவர் பெயர் புதிய தொகுதிக்கு வந்துவிட்டது. மனைவியின் பெயர் பழையதிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு தேர்தலிலும் மனைவியைச் சைக்கிளில் அழைத்துப்போய் அங்கே ஓட்டுப் போடவைத்த பிறகுதான் தன் ஓட்டைப் போடுவாராம். பல மனுக்களுக்குப் பிறகு, இந்த முறைதான் இருவர் பெயர்களும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்திருந்தன.

“அவங்க எங்கே?” என்றேன்.

“போன மாசம் செத்துப்பூட்டா டீச்சர். இப்பத்தாம்மா எம்பேருக்குக் கீழ வந்துக்கீறா. இந்த ஒரு எலெக்‌ஷன் மட்டும் இருந்துட்டுப் போவட்டுமே.”

“முடியாதுங்க, எடுத்துத்தான் ஆகணும்.”

காற்றில் தாள் படபடத்தது. நான் கோடு போட்டு முடிக்கும்வரை அவரே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த உதவியை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.