என் மருமகள் அடித்த துக்கமணி

என் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் நாலு பேருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆட்களைப் பாயில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, வெண்கலக் கிண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவாள். அந்த ரீங்காரத்தில் உடம்பு தளரும், மனது இளைப்பாறும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் டீக்கடையில் சொன்னால், ஃபேனைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்தால் வராத இளைப்பாறுதலா என்று கேட்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், திராட்சைத் தோட்டக்காரன். பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்குக் கேட்டால் சொல்வேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பிறந்தது தேனி கடைவீதியில். பாத்திரக்கடை வைத்திருக்கும் புராட்டஸ்டண்ட் குடும்பம். நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மாதா கோயிலைச் சுற்றி வீடு கட்டிக்கொண்ட கத்தோலிக்கர்கள். என் மகன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, பைபிள் ஒன்றுதானே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். என் மனைவிக்கு அது போதவில்லை. "பாத்திரக்கடைக்காரன் மக கிண்ணத்தத் தட்டாம வேற என்னத்தத் தட்டுவா" என்று தினமும் ஒரு தடவையாவது அவள் வாயில் வரும். மருமகள் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் குமுளிப் பக்கம் ஒரு விடுதியில் மசாஜ் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே இருந்த மலையாளத்து அம்மா ஒருவர், சேச்சி என்றுதான் இவள் சொல்லுவாள், இந்தக் கிண்ண வேலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பேத்தி பிறந்த பிறகு தினமும் மலையேறி இறங்க முடியாது என்று பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி அறையைப் பிடித்து, தனியாகவே தொடங்கினாள். வாரத்துக்கு நாலைந்து பேர் வந்தால் பெரிது.

விடுதியில் பார்த்ததையெல்லாம் சாப்பிடும்போது எங்களிடம் சொல்வாள். மலை மாதிரி ஒரு ஆள் வந்து படுத்தாராம். மூன்றாவது கிண்ணத்தில் பச்சைப்பிள்ளை மாதிரித் தேம்பினாராம். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. இன்னொரு அம்மாளுக்குக் கோபம் வந்து தலையணையைத் தூக்கி எறிந்தாராம். அந்த நேரத்தில் போய்த் தொடக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது, அழாதே என்று சொல்லவே கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தன் வேலை என்பாள்.

"காசையும் குடுத்து அழுதுட்டும் போவாகளா? நல்ல பொழப்பு" என்றாள் என் மனைவி.

போன வருடம் வருகிற ஆட்கள் இன்னும் குறைந்துபோனார்கள். ஒருநாள் மருமகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, நம்ம ஊர்ல ஒரு தடவ செஞ்சு பாக்குறேன். நம்ம ஊரே வேண்டாம்னு சொல்லிட்டா அறையக் காலி பண்ணிட்டு அப்பா கடையில பில்லு போட உக்காந்துர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பங்குச்சாமியாரிடம் போய்க் கோயில் மன்றத்தைக் கேட்டேன். மந்திரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை சாமி, வெறும் கிண்ணம்தான் என்றேன். ஒரு ஞாயிறு மதியம் தருகிறேன், புகார் ஏதும் வராவிட்டால் மாதத்துக்கு ஒரு தடவை தரலாம், வந்தால் இதோடு சரி என்று சொல்லிவிட்டார்.

மாதா சபையிலிருந்து பதினாலு பெண்கள் வந்தார்கள். பெரும்பாலும் திராட்சை வெட்டப் போகிறவர்கள். நாளெல்லாம் பந்தலை அண்ணாந்து பார்த்து வேலை செய்வதால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டு தூக்கம் இல்லாதவர்கள். என் மனைவியும் வந்தாள், வேவு பார்க்க. ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க என்னைக் கதவுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள் மருமகள்.

எல்லாரும் பாயில் படுத்தார்கள். கண்ணை மூடுங்க, கை காலத் தளரவிடுங்க என்று மெதுவாகச் சொன்னாள். கடைசிப் பாயில் இருந்து குறட்டை கேட்டது. பக்கத்தில் படுத்திருந்தவள், "ஏடி, இவ கிண்ணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டா" என்றாள். மன்றமே குலுங்கிச் சிரித்து அடங்கியது. அப்புறம் சின்னக் கிண்ணங்களைத் தட்டினாள். ஓடைத் தண்ணீர் மாதிரி ஒரு சத்தம். எனக்கே கண் சொருகியது. நல்லபடியாக முடிந்துவிடும் மாதாவே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பெரிய கிண்ணத்தை எடுத்தாள். துணி சுற்றின கட்டையால் ஒரு அடி. அது முழுக்க அடங்கும் வரை காத்திருந்தாள். இன்னொரு அடி. மறுபடி காத்திருந்தாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் மணியை முப்பது வருடமாக அடிப்பவன் நான். மகன் பிறந்தபோது வைத்த நேர்ச்சை அது. பூசைக்கு ஒரு மாதிரி அடிப்பேன், திருநாளுக்கு ஒரு மாதிரி. யாராவது இறந்துவிட்டால், ஒரு அடி அடித்துவிட்டு, அதன் அதிர்வு காற்றில் கரையும் வரை கயிற்றைப் பிடித்தபடி நிற்பேன். அதன் பிறகுதான் அடுத்த அடி. பெண்ணுக்கு ஏழு, ஆணுக்கு ஒன்பது. தோட்டத்தில் இருப்பவர்கள் திராட்சை வெட்டும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு எண்ணுவார்கள். எட்டாவது விழுந்தால் ஆண் என்று தெரிந்துவிடும்.

தேனி கடைவீதியில் வளர்ந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? கட்டிவந்து மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை அந்த மணியை அவள் கேட்டிருப்பாள். ஆனால் கேட்பது வேறு, எலும்பில் ஏறியிருப்பது வேறு.

மூன்றாவது அடியில் எனக்குப் புரிந்தது. என்னைக் கேட்காமலே என் வலது கை மேலே போய்க் கயிறு இழுக்கிற மாதிரிக் கீழே வந்தது. படுத்திருந்த பெண்களைப் பார்த்தேன். மூடிய கண்ணோடு பல பேர் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணுகிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. நாலாவது அடியில் ஒருத்தி விசும்பினாள். ஐந்தாவதில் மூன்று நாலு பேர். ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, பூசையில் போடுவது போல முக்காடு போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். இதற்கு நடுவே என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க, நிறுத்த முடியாமல். அவளுடைய அம்மாவின் அடக்கத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் அவள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

ஆறாவது அடி விழுந்ததும் எழுந்து போய் மருமகளின் காதில் சொன்னேன். "தாயி, இது எங்க ஊர்த் துக்கமணி."

அவள் முகத்தில் ரத்தம் இல்லை. கட்டை அந்தரத்தில் நின்றது. புகார் வந்தால் இதோடு சரி என்று சாமியார் சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

அப்போதுதான் நடுவரிசையில் படுத்திருந்த ஒரு பெண் பேசினாள். எங்கள் தெருக்காரி. கண்ணைத் திறக்கவில்லை, குரலும் உயரவில்லை.

"நிறுத்தாத ஆத்தா. ஆம்பளைக்கு ஒம்பது. ஆறுதான் ஆயிருக்கு."

அவளுடைய கணவனும் நானும் ஒன்றாகப் பந்தல் கம்பி இழுத்தவர்கள். கொரோனா வருடத்தில் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. வீட்டு வாசலில் நிற்கவில்லை. கோயில் பூட்டியிருந்தது. மணிக்கூண்டுச் சாவி மட்டும் என் வீட்டு ஆணியில் தொங்கியது. அடித்தால் கூட்டம் கூடும், போலீஸ் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் அடிக்கச் சொல்லவும் இல்லை, அடிக்காதே என்று தடுக்கவும் இல்லை. நான் அடிக்கவில்லை. ஊரில் மணி இல்லாமல் மண்ணுக்குள் போன ஆண் அவர் ஒருவர்தான். அவள் இத்தனை வருடத்தில் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணே என்று கூப்பிட்டு, தோட்டத்தில் வேலை செய்து, கூலி வாங்கிப் போவாள்.

இதையெல்லாம் மருமகளிடம் சொல்ல அங்கே நேரம் ஏது? "இவ புருசனுக்கு நான் மணி அடிக்கல" என்று மட்டும் சொன்னேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். படுத்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு கட்டையை என் பக்கம் நீட்டி, "மிச்சத்த நீங்க அடிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டாள்.

நான் கை நீட்டினேன். அதற்குள் பாயிலிருந்து குரல் வந்தது. "அவளே அடிக்கட்டும்ணே. அவதான ஆரம்பிச்சா."

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். ஏழாவதை அடித்தாள். முழுக்க அடங்கவிட்டாள். எட்டாவதை அடித்தாள். அந்தப் பெண்ணின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. ஒன்பதாவதை அடித்தபோது, முப்பது வருடம் அடித்த நானே அப்படி ஒரு அடி அடித்ததில்லை என்று தோன்றியது. அவ்வளவு நிதானம், அவ்வளவு மரியாதை. அது அடங்குவதற்குள் எனக்கும் பார்வை மங்கிவிட்டது.

நான் இறந்தோருக்கான ஜெபத்தைத் தொடங்கினேன். பெண்கள் படுத்தபடியே பதில் சொன்னார்கள். மருமகளின் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் தலை கவிழ்ந்து கடைசி வரை இருந்தாள். அப்புறம் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் மனைவி சிரித்துச் சிரித்து ஓய்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மருமகள் அவள் தலைமாட்டிலும் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டாள். "நான் ஏன்டி சிரிச்சேன்?" மருமகள், தெரியலத்தே, சில பேருக்கு அப்படித்தான் வரும், தப்பில்லை என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

பயந்தது போலவே புகார் போனது. ஆள் சாகாமல் துக்கமணி அடித்தால் ஊருக்கு ஆகாது என்று பங்குப்பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து பேசியிருக்கிறார். மறுநாள் குழாயடியில் அவரிடம் என் மனைவி, "எம் மருமக அடிச்சது கிண்ணம். மணியாக் கேட்டது உங்க காது" என்று சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். ஆமா சொன்னேன், அதுக்கென்ன இப்போ என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் மருமகளும் போனோம். போகிற வழியில், தெரியாமல் நடந்துபோச்சு என்று மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்துவிடும் தாயி என்று சொல்லி வைத்தேன். தலையாட்டினாள். ஆனால் சாமியார் முன்னால் அவள் சொன்னது வேறு.

"ஆறு அடி தெரியாம அடிச்சேன் ஃபாதர். ஊர் வழக்கத்தக் கேக்காம வந்தது என் தப்பு, அதுக்கு மன்னிச்சுக்கங்க. மிச்சம் மூணும் தெரிஞ்சுதான் அடிச்சேன். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

குரலில் திமிர் இல்லை, பயமும் இல்லை. சாமியார் என் பக்கம் திரும்பினார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லாததை அந்த மேசைக்கு முன்னால் சொன்னேன். "இந்த ஊருக்கு மணி அடிக்கிறவன் நான், சாமி. அன்னைக்கு அடிக்க வேண்டியத அடிக்காம விட்டவனும் நான்தான். எங்க வீட்டுப் பிள்ள அதச் செஞ்சு முடிச்சுருச்சு. புகார் எழுதுறதுனா எம் பேர்ல எழுதிக்கங்க."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தெருக்காரி காலையிலேயே வந்து, புருசன் பேருக்குப் பூசை கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவையாம். அப்புறம் நாட்காட்டியை எடுத்து, மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மதியம் மன்றம் சும்மாதான் கிடக்கிறது என்றார்.

மருமகள் நன்றி சொன்னாள். வாசல் வரை வந்தவள் திரும்பிப் போய், மன்றத்து ஃபேன் ரெண்டும் கீச்சுனு கத்துது ஃபாதர், எண்ணெய் விட்டுத் தந்தா நல்லாருக்கும் என்றாள். சாமியார் சிரித்துவிட்டார். நான் கோயில் வாசலில் நின்று, போவோர் வருவோர் எல்லாம் பார்க்கும்படி அவளுக்காகக் காத்திருந்தேன்.