பாட்டுக்கு இரண்டு விநாடி முன்னால்

இது எனக்கு நடந்தது. எதைக் கேட்டாலும் நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம். அன்றைய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறவன். இருபது வருடங்களுக்கு முன் மாதிரிக்காகப் பதிவு செய்து, பிறகு நானே மறந்துபோன பத்தொன்பது பாட்டுகள் கேசட்டுக்கு ஒன்றாக ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன. அவற்றைப் பதிவு செய்தவரை டேப் அண்ணன் என்போம். மூன்று மாதம் முன்பு இறந்துவிட்டார். மாரடைப்பு என்று கேள்விப்பட்டிருந்தேன். பெட்டியை அவர் மனைவி, எங்கள் அண்ணி, அனுப்பியிருந்தார். காலையில் எல்லாக் கேசட்டையும் ஆரம்பத்துக்குச் சுற்றி, ஒழுங்காக அடுக்கினேன். மத்தியானம் கேட்க உட்கார்ந்தேன்.

ஏழாவது கேசட்டில்தான் சிக்கல். பாட்டு தொடங்கும் முன், மிக மெல்லிய ஒரு சத்தம்.

இதற்குக் காரணம் உண்டு. கேசட்டுக்குள் நாடா ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்றாக ஒட்டிக் கிடக்கிறது. ஒலி அதில் காந்தமாகப் பதிந்திருக்கிறது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றிலும் லேசாகப் படியும். அதனால் பாடகர் வாயைத் திறக்க இரண்டு விநாடி இருக்கும்போதே அவர் குரலின் நிழல் கேட்டுவிடும். பழைய நாடாக்களில் இது சகஜம்.

ஆனால் அப்படிப் படிவது அதே பாட்டாகத்தான் இருக்க முடியும். எனக்குக் கேட்டது காலிங் பெல். குருவி கத்துவது போன்ற பெல், இரண்டு முறை. போன வருடம்தான் எங்கள் வீட்டில் மாட்டினோம்.

மணி 2:40. எழுந்துபோய்ப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.

மனைவியைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டாள். "பேய்க்கு வேற வேலை இல்லையா, உங்க பாட்டை உக்காந்து கேக்க?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

3:05. ஒலியை முழுதாகக் கூட்டினேன்.

பெல். பெல். அப்புறம் என் மனைவியின் குரல்… "ஏங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க."

பிறகு, தொம்.

பாட்டு தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.

3:12. ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. டேப் ஓடவில்லை.

பெல் அடித்தது. இரண்டு முறை.

கொரியர்காரர். மனைவி பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போவது கேட்டது. ஸ்டூல் இழுபடும் சத்தம். பரண் கதவு திறக்கும் சத்தம்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க."

ஓடினேன்.

ஸ்டூலின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியிருந்தது. அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டி கீழே விழுந்தது.

தொம்.

"பெட்டியை விட்டுட்டு என்னைப் பிடிச்சா எப்படி?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பெட்டிதான். வெறும் பெட்டி.

3:21. மறுபடி கேட்டேன்.

பெல் இல்லை. "பிடிங்க" இல்லை.

தொம்… மட்டும் இருந்தது.

அதன் பின்னால் அழுகை. என் மனைவிதான்.

"ஏங்க… கண்ணைத் திறங்க…"

அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணன் எப்படி இறந்தார் என்று மட்டும் கேட்டேன்.

"மாரடைப்பு இல்ல தம்பி. உங்களுக்கு அனுப்பணும்னு அன்னைக்குத்தான் ஏழாம் நம்பர் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுத்தினார். 'நீ அழுவுற மாதிரி கேக்குதே'ன்னார். சாயங்காலம் மாடிப்படியில விழுந்துட்டார்."

"அதுக்கு முன்னாடி சுத்தினதே இல்லையா?"

"யாரையும் சுத்த விட மாட்டாரே. கடைசியிலேயே நிக்கட்டும்பார்."

அதில் அறிவியல் இருக்கிறது. நாடாவை முடிவில் நிறுத்தி வைத்தால் பலமான நிழல் ஒலிக்கு முன்னால் அல்ல, பின்னால் படியும்.

அன்றே பத்தொன்பதையும் முடிவுக்குச் சுற்றினேன். ஒரு மாதம் கழித்து ஏழாவதைப் போட்டேன். பாட்டுக்கு முன்னால் எதுவும் இல்லை. பாட்டு முடிந்த பிறகு ஏதோ லேசாகத் தொடங்கியது. கேட்காமல் நிறுத்தினேன்.

கேட்டு முடித்த நாடாவைத் திருப்பிச் சுற்றாதீர்கள். முடிந்த இடத்திலேயே எடுத்து வையுங்கள்.