மூளை போட்ட ராங் நம்பர்

போன செவ்வாய்க்கிழமை மல்லேஸ்வரம் மார்க்கெட் முனையில் இளநீர்க்காரரிடம், "ஆஸ் டிஸ்கஸ்ட், ஒன் டெண்டர் கோகனட் ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டேன்.

அவரிடம் நான் எப்போதும் கன்னடம்தான். வெட்டுக்கத்தியை அந்தரத்திலேயே நிறுத்தி, "ஏனாயித்து சார்?" என்றார்.

நல்ல கேள்வி. என்னதான் ஆச்சு எனக்கு?

பெங்களூர்த் தமிழன் தலைக்குள் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உண்டு. பால் பூத்துக்குக் கன்னடம், ஆட்டோவுக்கு உருது கலந்த இந்தி, ஆபீஸுக்கு இங்கிலீஷ், வீட்டில் திட்டு வாங்கத் தமிழ். யோசிக்காமலே லைன் மாறும். என் எக்ஸ்சேஞ்சில்தான் திடீரென்று ராங் நம்பராக விழ ஆரம்பித்தது.

அன்று மாலையே என் மனைவி வசந்தா, "என்னங்க, ராத்திரிக்கு தோசையா, உப்புமாவா?" என்றாள்.

"வில் கெட் பேக் டு யூ" என்றேன்.

"எப்போ? பொங்கலுக்கா?"

யோசித்துப் பார்த்தால் வேறு அறிகுறிகளும் இருந்தன. தூங்கி எழுந்தால் தூங்கப் போனபோது இருந்ததைவிட அலுப்பு. குக்கர் விசில் அடித்தால் குக்கர் மேல் கோபம். ஒரே ஈமெயிலை எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. எல்லாவற்றையும்விட, நான் எழுதிய ஜோக்குக்கு எனக்கே சிரிப்பு வரவில்லை. நீங்கள் சிரிக்காதது எனக்குப் பழகிவிட்டது. நானே சிரிக்கவில்லை என்றால்... சீரியஸ்தானே?

வசந்தா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம், சர்க்கரை, ஈசிஜி — எல்லாம் நார்மல்.

"நரம்புத் தளர்ச்சி" என்றார் டாக்டர்.

எனக்குப் பகீர் என்றது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்த லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்கள் எல்லாம் கண் முன்னே ஓடின.

"அது இல்ல சார்!" அவரே சிரித்துவிட்டார். "மூளை ஓவர்டைம் பாத்து களைச்சுப் போயிருக்கு. வேலையைக் கொறைங்க."

குறைப்பதா? மறுநாள்தான் மேனேஜர் நாகராஜ் என் தலையில் இன்னொரு ப்ராஜெக்டைக் கட்டுவதாக இருந்தார்.

"வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் வசந்தா, வீட்டுக்கு வரும் வழியில்.

"சொன்னா ப்ரமோஷன் சீனிவாசனுக்குப் போயிடும்." சீனிவாசன் என் பக்கத்து சீட், எங்கள் வம்பெல்லாம் சுத்தத் தமிழில்தான்.

"போகட்டும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா சரி."

வியாழக்கிழமை மீட்டிங். நாகராஜ் இங்கிலீஷில் விவரமாகச் சொல்லிவிட்டு, "கேன் யூ டேக் திஸ் ஆல்ஸோ?" என்றார்.

'நோ ப்ராப்ளம் சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அந்த மூன்று வார்த்தைகளை வைத்துத்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனால் வெளியே வந்தது...

"ஐயோ சாமி, என்னால முடியல! ஆளை விடுங்க!"

அதுவும், பாத்ரூமிலிருந்து துண்டு கேட்கும் சத்தத்தில்!

நாகராஜ் கன்னடக்காரர். இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் அல்சூர்ல பொறந்து வளந்தவன்பா. எங்க தெரு பூரா தமிழ்தான்" என்றார், என்னைவிட நல்ல தமிழில். "நீ நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்னே சொல்லிட்டிருந்தே. நானும் நம்பிட்டேன். இன்னிக்குத்தான் நெஜத்தைப் பேசறே. ஒரு வாரம் வீட்ல கெட. இதை சீனிவாசன் பாக்கட்டும்."

"நோ ப்ராப்ளம் சார்" என்றான் சீனிவாசன். ப்ரமோஷன் அங்கேயே கைமாறிவிட்டது.

வயிற்றெரிச்சல் இல்லையா? இருந்தது. முதல் நாள் மத்தியானம் படுத்துத் தூங்கும் வரை.

களைப்பு சொல்லிக்கொண்டு வராது. நாம் யோசிக்காமல் செய்யும் காரியத்தில்தான் முதலில் கை வைக்கும். காபியில் உப்பைப் போடுகிறவர், ஹெல்மெட்டோடு சாப்பிட உட்காருகிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் லீவு போடச் சொல்லுங்கள்.

நேற்று இளநீர்க்காரரிடம் கன்னடம் தானாகவே வந்தது. "ஈக சரி ஆயித்து சார்!" — இப்போது சரியாகிவிட்டதாம்! — என்று சர்டிஃபிகேட் கொடுத்து, வழுக்கையாகப் பார்த்து வெட்டினார்.

வீட்டுக்கு வந்து சீனிவாசனுக்குப் போன் போட்டேன். "டேய், எப்படிடா இருக்கே?"

"ஆல் ஃபைன். வில் கெட் பேக் டு யூ" என்றான்.

டாக்டர் அட்ரஸைக் கொடுத்துவிட்டேன்.