நூல் இல்லாத தையல்

தையல்காரிக்கு வாய்தான் நீளம், மனசு வெல்லம் என்பார்கள் தெருவில். சாயங்காலம் பஸ்ஸைத் தெருமுனையில் திருப்பும்போது அவள் புருஷன் ஹாரனை இரண்டு தட்டு தட்டுவான். வந்துவிட்டேன் என்று அர்த்தம். "நீங்க வர்றது ஊருக்கே தெரியணுமாக்கும்!" என்று திட்டிக்கொண்டே தட்டை எடுத்து வைப்பாள்.

விபத்துக்குப் பிறகு அந்த ஹாரன் இல்லை. அவன் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள்காரர் அங்கேயே இறந்துபோனார். டிரைவர்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் மனசு ஒப்பவில்லை. எங்கே ஹாரன் கேட்டாலும் அவனுக்கு வியர்த்துக் கொட்டும். அவள் ஜன்னல்களை அடைத்துவைத்தாள். அதிர்ச்சி மனசை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட நோய் என்றார் டாக்டர். நடந்ததை அவன் வாயாலேயே சொல்லவைத்து, போனில் பதிவுசெய்து, தினமும் வீட்டில் கேட்கச் சொன்னார்.

கேட்டான். பயம் எள்ளளவும் குறையவில்லை. "இது வேலைக்காகாது, இனிமே நான் வரல" என்று அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டான். அங்கிருந்த நர்ஸ் விடாக்கண்டன் பரம்பரை.

"கேக்கும்போது வீட்ல வேற என்ன சத்தம் இருக்கும், அண்ணே?"

"இவ மெஷின் ஓடும்."

கூட வந்திருந்த தையல்காரி முந்தானையைத் திருகினாள். "அவர் குரல் நடுங்குனா எனக்குத் தாங்காது. அந்தப் பேச்சு அவர் காதுல விழக்கூடாதுன்னு, நூல்கூடக் கோக்காம மெஷினை மிதிப்பேன்."

டிரைவர் அவளையே பார்த்தான்.

"அண்ணி, பயம் உச்சிக்கு ஏறித்தான் இறங்கும். இறங்குறத அவர் ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா? பாசத்துல மருந்தை நீங்களே கீழ கொட்டுறீங்க" என்றார் நர்ஸ்.

அன்று அவள் மெஷினைவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனில் அவன் குரல் பிரேக்கைச் சொன்னது, உடைந்த கண்ணாடியைச் சொன்னது. அவன் சட்டை நனைந்தது. அவள் கால் மிதிக்கத் துடித்தது. ஒரு பாதத்தை இன்னொன்றால் அழுத்திக்கொண்டாள். முடிந்ததும் அவன் மறுபடி முதலிலிருந்து போட்டான். பழைய மனுஷன் திரும்பி வரமாட்டானா என்று அவள் ஏங்கினாள்.

இப்படியே தினமும் கேட்டார்கள். அவன் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பிறகு நர்ஸ் சொல்லி ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஒரு சாயங்காலம் தெருமுனையில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. பழக்கதோஷத்தில் அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தப் பிடித்தாள்.

"சாத்தாத. இருக்கட்டும்."

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "ஒரு தடவைதான் அடிச்சான்" என்றான்.

"ஆமா" என்றாள் அவள், தெருவைப் பார்த்தபடியே. "ரெண்டு தட்டு தட்ட அது நீங்க இல்லையே."