லாரிக்காரர் டீக்கு இறங்கினால்

ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூரைத் தாண்ட முடியவில்லை. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை.

டிரைவர் அண்ணன் ஒரு தடவை எஞ்சினை நிறுத்தினார், அடுத்த தடவை நிறுத்தவில்லை. யோசிக்காமலே முடிவெடுக்கிறாரே என்று எனக்குப் பொறாமை. கம்ப்யூட்டர் சிப்புக்குள் கணக்குப் போடும் கோர்களுக்கிடையே தகவல் கடத்தும் ரவுட்டர்களை, சும்மா இருக்கும்போது தூங்கவைத்து மின்சாரம் மிச்சப்படுத்துவதுதான் என் ஆராய்ச்சி. தூங்கவைத்த உடனே எழுப்ப நேர்ந்தால் நஷ்டம். எப்போது தூங்கவைப்பது? இரண்டு வருடமாக விடை இல்லை. நாளை கைடு கேட்பார்.

"எப்போ ஆஃப் பண்ணணும்னு எப்படிண்ணே தெரியும்?"

"இதுல இன்னாமா கீது? முன்னாடி லாரிக்காரன் டீக்கு எறங்கினா ஆஃப் பண்ணிருவேன். சீட்லயே குந்திகினு இருந்தா வுட்ருவேன். சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணா டீசல்தான் காலி."

சிப்பில் டீக்கடையை எந்த மூலையில் வைக்கலாம்? தெரிந்தவர்கள் விடிவதற்குள் சொல்லுங்கள்.